கெஸ்ட் செத்துப்போச்சுன்னு ஃபோர்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி: இசட்/விஎம் பாத்துக்கறவங்களுக்கு கோத்தகிரியிலருந்து

இசட்/விஎம்ல, அதாவது ஒரே ஐபிஎம் மெயின்ஃபிரேம பல விர்ச்சுவல் மெஷினா பிரிச்சு ஓட்டற ஹைபர்வைசர்ல, ஒரு லினக்ஸ் கெஸ்ட் (அப்படி ஓடற ஒரு விர்ச்சுவல் மெஷின்) பதில் சொல்லலன்னா உடனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டி ஃபோர்ஸ் (வலுக்கட்டாயமா லாகாஃப் பண்ற கமாண்டு) அடிச்சுடாதீங்க, நிறைய தடவ அது உயிரோடதான் இருக்கும், எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கும், அது எதுக்கு நிக்குதுன்னு பாக்கற பொறுமை இல்லாமதான் நல்லா இருக்குற டேட்டாபேஸ நடுவுல புடுங்கிவிட்டுட்டு விடியவிடிய ரெக்கவரி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம். ஊட்டி குன்னூர் கோத்தகிரி கூடலூர்னு மலைமேல வீட்டுல இருந்துக்கிட்டே கீழ எங்கயோ டேட்டா சென்டர்ல கிடக்குற மெயின்ஃபிரேம பாத்துக்கறவங்க இப்போ கொஞ்சம் பேர் இருக்கோம், அதுல நைட் ஷிஃப்ட்ல தனியா மாட்டுற புதுப் பசங்களுக்குத்தான் இது. கமாண்டெல்லாம் நாம வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல போட்டிருக்கேன், டைப் அடிக்கும்போது எப்பவும் போல அடிச்சுக்கோங்க.

மொதல்ல சந்தேகப்பட வேண்டியது நம்ம லைன. ஐப்பசி கார்த்திகையில கோத்தகிரி குன்னூர் பக்கம் மழ புடிச்சா மரம் விழும், மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரியும், கரண்டும் போகும் கேபிளும் போகும், ஆடி மாசம்னா இதே கூத்து கூடலூர் நடுவட்டம் பக்கம். 3270 செஷன் (மெயின்ஃபிரேமோட டெர்மினல் ஸ்கிரீன்) அறுந்துபோனா கெஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, உங்க யூசர் ஐடி டிஸ்கனெக்ட் ஆகி அப்படியே நிக்கும், அவ்வளவுதான். திரும்ப உள்ள போகும்போது ஏற்கனவே லாகான் ஆகியிருக்குன்னு எச்சிபிஎல்ஜிஏ054இ மெசேஜ் வந்து மொறைச்சா பதறாதீங்க, அறுந்துபோன பழைய செஷன் இன்னும் இருக்கறதா அந்தப் பக்கம் டிசிபிஐபி (நெட்வொர்க்க பாத்துக்கற மெஷின்) நெனச்சுக்கிட்டிருக்கு, 'லாகான் மெயின்ட் ஹியர்'னு (மெயின்ட்ங்கறது சிஸ்டத்த பாத்துக்கற யூசர் ஐடி) அடிச்சா பழசத் தட்டிவிட்டு உங்க ஸ்கிரீனுக்கு வந்துடும். அப்படியே நடுவுல நின்னுபோன வேலைக்கு ஒரு கணக்கு இருக்கு: டிஸ்கனெக்ட் ஆன மெஷின் யாராவது ஏதாவது டைப் பண்ணுவாங்களான்னு ரீட் போட்டுக்கிட்டு நின்னா, டிஃபால்ட்டா 15 நிமிஷத்துல சிபி (இசட்/விஎம்மோட மையமான கன்ட்ரோல் புரோகிராம்) அத லாகாஃப் பண்ணிடும். சிஸ்டம் கான்ஃபிக்ல டிஸ்கனெக்ட் டைம்அவுட்னு ஒரு வரி இருக்கு, உங்க சைட்ல அது எவ்வளவு, இல்ல ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களான்னு வேலைக்கு சேர்ந்த அன்னிக்கே கேட்டு வச்சுக்கோங்க.

மலையில இருந்து வேலை பாக்கறவங்க ஒருபோதும் செய்யக்கூடாதது டிசிபிஐபி மெஷின சும்மா ஃபோர்ஸ் பண்றது. நீங்க உள்ள வந்திருக்கறதே அது வழியாத்தான், அது போனா நீங்களும் வெளிய, திரும்ப எழுப்ப ஆளில்லாம கீழ யாரையாவது போன்ல எழுப்பணும். எச்எம்சியில (மெயின்ஃபிரேம் ஹார்ட்வேர பாத்துக்கற தனி கன்சோல்) இண்டக்ரேட்டட் 3270 கன்சோல் இருக்கு, அது டிசிபிஐபியோட சம்பந்தமே இல்லாம வர்ற வழி, அதுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கா, பாஸ்வேர்டு இன்னும் ஓடுதான்னு மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. அதுவும் இல்லாத நெலமைன்னா ஃபோர்ஸ், கொஞ்சம் ஸ்லீப், அப்புறம் 'எக்ஸ்ஆட்டோலாக் டிசிபிஐபி'ன்னு (எக்ஸ்ஆட்டோலாக்னா ஸ்கிரீன் இல்லாமலே மெஷின எழுப்பறது) மூணையும் ஒரே எக்ஸெக்ல (ஸ்கிரிப்ட்) எழுதி ஓட்டணும், உங்க செஷன் அறுந்தாலும் எக்ஸெக் உள்ள ஓடிக்கிட்டிருக்கும். ஓட்டறதுக்கு முன்னாடி 'செட் ரன் ஆன்' குடுத்துக்கோங்க, அப்பத்தான் சிபி நடுவுல வந்தாலும் மெஷின் நிக்காம ஓடும்.

சரி, லைன் நல்லாத்தான் இருக்கு, உள்ள வந்தாச்சு. இப்போ மெசேஜோட தலையெழுத்தப் பாருங்க. எச்சிபின்னு ஆரம்பிச்சா சிபி, அதாவது ஹைபர்வைசரே பேசுது. டிஎம்எஸ்னா சிஎம்எஸ் (நாம கமாண்டு அடிச்சு வேலை பாக்கற சின்ன சிஸ்டம்), டிடிசின்னா டிசிபிஐபி, டிவிஎச்ன்னா டிர்மெயின்ட் (யூசர் டைரக்டரிய பாத்துக்கறது). யாரு கத்துறாங்கன்னு தெரிஞ்சாலே தேட வேண்டிய எடம் நாலுல ஒண்ணா சுருங்கிடும். கடைசி எழுத்து ஐ-ன்னா சும்மா தகவல், இ-ன்னா எரர், டபிள்யூன்னா வார்னிங், ஏ-ன்னா நீங்க ஏதாவது செஞ்சே ஆகணும். சிஎம்எஸ்லயே 'ஹெல்ப்' போட்டு மெசேஜ் நம்பரக் குடுத்தா விளக்கம் வந்துடும், நெட்ல போய் தேட வேண்டியதே இல்ல.

அடுத்தது நான் புதுசா வர்ற எல்லார்கிட்டயும் மொதல்ல கேக்கறது. அருவங்காட்டுல இருந்து ஒரு தம்பி ராத்திரி கூப்புடுவான், "அண்ணா, டேட்டாபேஸ் கெஸ்ட் போயிடுச்சுண்ணா, எஸ்எஸ்எச்சும் போகல, பிங்கும் போகல." நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "அந்த கெஸ்ட்டோட கன்சோல் ஸ்கிரீன்ல கீழ வலது ஓரத்துல என்னடா எழுதியிருக்கு?"

அந்த ஓரத்துலதான் கதையே இருக்கு. 'ரன்னிங்'னு இருந்தா மெஷின் ஓடுது, பிரச்சனை வேற எங்கயோ. 'விஎம் ரீட்'னா உள்ள இருக்குற சிஸ்டம் நீங்க டைப் பண்றதுக்குக் காத்திருக்கு. 'சிபி ரீட்'னா மெஷின சிபி நிறுத்தி வச்சிருக்கு, உள்ள லினக்ஸ் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் கூட ஓடாது, வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு செத்த மாதிரியே தெரியும். இது எப்படி வருதுன்னா, யாரோ கன்சோல பாக்கலாம்னு அந்த கெஸ்ட்டுக்குள்ள லாகான் பண்ணியிருப்பாங்க, டிஸ்கனெக்டட்ல நல்லா ஓடிக்கிட்டிருந்தது ரீகனெக்ட் ஆனதும் 'சிபி ரீட்'ல நின்னுடும், அவங்க அதக் கவனிக்காம விண்டோவ மூடிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. பார்க்கப் போனதே நிறுத்திடுச்சு, அதான் வேடிக்கை. வைத்தியம் 'பி'ன்னு ஒத்த எழுத்து, பிகின், எண்டர் தட்டுனா எங்க நின்னதோ அங்கருந்து ஓட ஆரம்பிச்சுடும். நிரந்தர வைத்தியம், ஒவ்வொரு லினக்ஸ் கெஸ்ட்டோட புரொஃபைல் எக்ஸெக்லயும் (லாகான் ஆனதும் தானா ஓடற ஸ்கிரிப்ட்) ஐபிஎல், அதாவது பூட், பண்றதுக்கு முன்னாடி 'சிபி செட் ரன் ஆன்' ஒரு வரி.

'மோர்'னு மூணு புள்ளியோட நின்னா ஸ்கிரீன் ரொம்பிடுச்சுன்னு அர்த்தம், டிஃபால்ட்டா 60 செகண்டுல தானா அடுத்த பக்கம் போயிடும், இல்ல கிளியர் கீ தட்டுங்க. ஆனா 'மோர்' நிக்கும்போது எண்டர் தட்டிட்டீங்கன்னா அது 'ஹோல்டிங்' ஆகிடும், ஹோல்டிங்னா நீங்க கிளியர் பண்ற வரைக்கும் அப்படியேதான், தானா போகாது. லினக்ஸ் கெர்னல் கன்சோலுக்கு மெசேஜ் எழுதிக்கிட்டே இருக்கும், பஃபர் ரொம்பினதும் எழுத எடமில்லாம கெஸ்ட் மொத்தமும் ஒறஞ்சு போகலாம். கெஸ்ட் கன்சோல்னா 'டெர்ம் மோர் 1 1', 'டெர்ம் ஹோல்ட் ஆஃப்' ரெண்டும் போட்டு வைங்க, அதவிட முக்கியம் வேலை முடிஞ்சா கன்சோல விட்டு ஒழுங்கா வெளிய வர்றது.

ஒழுங்கா வெளிய வர்றதுன்னா '#சிபி டிஸ்க்'. லாகாஃப் இல்ல. லாகாஃப்ங்கறது ஓடிக்கிட்டிருக்குற மெஷினோட மெயின் சுவிட்ச புடுங்கற மாதிரி, லினக்ஸுக்கு ஒரு வார்த்தை கூட சொல்லாம மொத்த விர்ச்சுவல் மெஷினையும் சிபி காத்துல கரைச்சுடும். சர்வர் பழக்கத்துல கை தானா லாகாஃப்னு அடிக்கும், அந்தக் கைய அடக்கறதுதான் இந்த வேலையில மொதப் பாடம்.

கன்சோல்லயே இன்னொரு வம்பு, பாஸ்வேர்டு. எஸ்எஸ்எச்ல போற ரூட் பாஸ்வேர்டு கெஸ்ட்டோட 3215 கன்சோல்ல போகவே மாட்டேங்குதுன்னு மண்டைய ஒடச்சிப்பாங்க, பாத்தா பாஸ்வேர்டுல @ இருக்கும் இல்ல # இருக்கும். வழக்கமான செட்டிங்ல சிபிக்கு # ஒரு வரி முடிஞ்சதுன்னு அர்த்தம், @ முந்தின எழுத்த அழிச்சுடுன்னு அர்த்தம், லினக்ஸுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாஸ்வேர்டு கந்தலாயிடும். 'டெர்ம் கேர்டெல் ஆஃப்', 'டெர்ம் லைன்எண்ட் ஆஃப்' போட்டா சரியாகும், ஆனா லைன்எண்ட ஆஃப் பண்ணிட்டா '#சிபி'யும் வேலை செய்யாதுங்கறத மறந்துடாதீங்க, அதுக்கு பதிலா பிஏ1 கீ தட்டி சிபிக்கு வரணும், 'செட் ரன் ஆன்' இல்லன்னா வந்ததும் மேல சொன்ன 'சிபி ரீட்' கதைதான், திரும்ப 'பி' அடிக்கணும். ஆஃப் பண்றதுக்கு பதிலா லைன்எண்ட யாரும் பாஸ்வேர்டுல வைக்காத வேற ஒரு எழுத்தா மாத்திக்கறது நல்லது. அந்த கன்சோல்ல கண்ட்ரோல்-சி அடிக்க முடியாது, ^ போட்டு பக்கத்துல சி போடுங்க, அதேதான். விஐ எடிட்டர் அங்க ஓடாது, அது வரி வரியா ஓடற டெர்மினல், எஃப்எஸ்டேப்ல (டிஸ்க் மவுண்ட் லிஸ்ட்) ஒரு வரி திருத்தணும்னா லினக்ஸோட எஸ்-இ-டி கமாண்டோ ஈ-டி எடிட்டரோதான். இது தெரியாம பூட் ஆகாத கெஸ்ட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு முழிக்கறவங்க நிறைய.

உள்ள லாகான் பண்ணாமலே பாக்கறதுதான் என்னக் கேட்டா நல்ல பழக்கம். 'இண்டிகேட் யூசர் லினக்ஸ்07 எக்ஸ்பேண்டட்' ஒரு தடவ அடிங்க, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவ அடிங்க, விடைமும் டிடைமும் (அது எடுத்துக்கிட்ட சிபியூ நேரம்) ஏறுதா ஐஓ எண்ணிக்கை நகருதான்னு பாருங்க. சிபியூ நேரம் மட்டும் எகிறிக்கிட்டே போகுது ஐஓ நகரலன்னா உள்ள ஏதோ லூப்ல சுத்துது. ரெண்டுமே நகரலன்னா நிக்குது, எதுக்குன்னு பாக்கணும், அதுக்கு 'இண்டிகேட் கியூஸ் எக்ஸ்பேண்டட்'. அதுல பேர் பக்கத்துல ஐஓன்னு இருந்தா டிஸ்க்குக்குக் காத்திருக்கு, பிஜின்னா பேஜுக்கு (மெமரியில எடமில்லாம டிஸ்க்குக்குப் போன துண்டுக்கு), பிஎஸ்னா சும்மா வேலை இல்லாம தூங்குது, அது தப்பே இல்ல. 'ஃபார் லினக்ஸ்07 சிஎம்டி கியூ வி ஆல்'னு அடிச்சா அந்த கெஸ்ட்டுக்கு என்னென்ன டிவைஸ் இருக்குன்னு உங்க ஸ்கிரீன்லயே வந்துடும். 'செட் செக்யூசர்' போட்டு டிஸ்கனெக்டட் கெஸ்ட்டோட கன்சோல் அவுட்புட்ட உங்க பக்கம் திருப்பிக்கலாம், 'செண்ட்' போட்டு அதுக்கு பதிலும் டைப் பண்ணலாம். எஸ்எஸ்எச் இன்னும் ஓடுதுன்னா லினக்ஸுக்குள்ள இருந்தே விஎம்சிபி போட்டு சிபி கமாண்ட ஓட்டலாம்.

லூப்ல சுத்தற கெஸ்ட் ஒண்ணு மத்த எல்லாத்தையும் மூச்சுமுட்ட வைக்குதுன்னா அத உடனே கொல்லணும்னு இல்ல. 'செட் ஷேர்' போட்டு அதோட ரெலடிவ் ஷேர (சிபியூல அதுக்குக் கிடைக்கற பங்கு) எறக்கி விடுங்க, டிஃபால்ட் 100, நீங்க 10 ஆக்கிட்டா மத்ததுங்க மூச்சு விடும், நீங்களும் நிதானமா உள்ள என்னன்னு பாக்கலாம், வேலை முடிஞ்சதும் பழைய நம்பருக்கே திருப்பி வைங்க. மொத்த சிஸ்டமும் எப்படி இருக்குன்னு ஒரே பார்வையில பாக்க 'இண்டிகேட் லோட்'.

எல்லா கெஸ்ட்டும் ஒரே சமயத்துல நொண்டுதுன்னா கெஸ்ட்டுக்குள்ள தேடாதீங்க, அது சிபி விஷயம், 'கியூ அலாக் பேஜ்' அடிங்க. பேஜ் டிஸ்க் ரொம்பிச்சுன்னா சிபி ஸ்பூல் எடத்துல (ரீடர், பிரிண்டர், கன்சோல் ஃபைலெல்லாம் கிடக்குற எடம்) பேஜ் எழுத ஆரம்பிக்கும், அதுவும் ரொம்பிச்சுன்னா பிஜிடி004ன்னு அபெண்ட் (சிஸ்டமே பாதியில விழறது), கெஸ்ட் ஒண்ணு இல்ல மொத்தமும் போகும். பழைய ஆளுங்க பேஜ் எடம் பாதிக்கு மேல ரொம்ப விடாதேன்னு சொல்றது சும்மா பயத்துல இல்ல, சிபி பேஜுகள கூட்டம் கூட்டமா சேர்த்து எழுதும், அதுக்கு அடுத்தடுத்து காலி எடம் வேணும், ரொம்ப ரொம்ப அது கிடைக்காம எழுதற வேகம் சரியும். அவசரத்துல ஒரு வால்யூம் (டிஸ்க்) சேக்கணும்னா சிபிஎஃப்எம்டிஎக்ஸ்ஏ போட்டு ஃபார்மட் பண்ணி பேஜ்னு ஒதுக்கி, 'டிஃபைன் சிபிஓன்ட்' போட்டு ஸ்லாட் குடுத்து, சிஸ்டத்துக்கு அட்டாச் பண்ணலாம், ஐபிஎல் தேவையில்ல. ஃபார்மட்டுக்கு முன்னாடி டிவைஸ் நம்பர வாய்விட்டுப் படிங்க, தூக்கக் கலக்கத்துல 6-ம் 8-ம் ஒண்ணாத் தெரியும். காலையில சிஸ்டம் கான்ஃபிக்லயும் அந்த வால்யூம சேத்து, சிபிசின்டாக்ஸ் ஓட்டி சரிபாத்துடுங்க, இல்லன்னா அடுத்த ஐபிஎல்ல அது காணாமப் போயிடும்.

ஸ்பூல் ரொம்பறதுக்குக் காரணம் வழக்கமா யாரோ 'ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட்' போட்டு மாசக்கணக்கா மூடாம விட்ட கன்சோல் ஃபைலு, இல்ல யாரும் எடுக்காத பழைய டம்ப்பு. 'கியூ ரீடர் ஆல்', 'கியூ பிரிண்டர் ஆல்' பாத்து ரெக்கார்டு எண்ணிக்கை பெருசா இருக்கறதத் தேடுங்க. பர்ஜ் பண்ணும்போது யூசர் பேரும் ஃபைல் நம்பரும் குடுத்துப் பண்ணுங்க, 'பர்ஜ் சிஸ்டம் ஆல்' பக்கம் கையே வைக்காதீங்க. கூடவே 'கியூ ரெக்கார்டிங்'கும் ஒரு பார்வை பாருங்க, அக்கவுண்டிங் ரெக்கார்ட சேத்து வைக்கற டிஸ்க்அக்ண்ட் மெஷினோட 191 டிஸ்க் ரொம்பி அது நின்னுபோயிருந்தா அக்கவுண்டிங் ரெக்கார்டெல்லாம் மெமரியில குமிஞ்சுக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

"மெமரி ஏத்திட்டேண்ணா, ரீபூட்டும் பண்ணிட்டேன், ஆனா பழைய மெமரியேதான் காட்டுது." இதுவும் அடிக்கடி வர்ற போன். லினக்ஸ்ல ரீபூட் அடிச்சா அதே விர்ச்சுவல் மெஷினுக்குள்ளதான் திரும்ப ஐபிஎல் ஆகுது, யூசர் டைரக்டரியில (ஒவ்வொரு மெஷினுக்கும் எவ்வளவு மெமரி, என்ன டிஸ்க்னு எழுதி வச்சிருக்கற ஃபைல்) மாத்துனது அடுத்த லாகானுக்குத்தான் எடுக்கும். ஷட்டவுன் பண்ணி, மெஷின் லாகாஃப் ஆகி, எக்ஸ்ஆட்டோலாக் பண்ணாத்தான் புது மெமரி. டைரக்டரிய கைல எடிட் பண்றவங்க 'டைரக்ட்எக்ஸ்ஏ'வ மொதல்ல எடிட் ஆப்ஷனோட ஓட்டுங்க, எழுதாம தப்பு மட்டும் சொல்லும், அப்புறம் 'டிஸ்க்மேப்' ஓட்டி மினிடிஸ்க் (பெரிய டிஸ்க்குல இருந்து வெட்டிக் குடுத்த துண்டு) ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கான்னு பாருங்க. 3390 மாடல் 9 டிஸ்க்குன்னா 10017 சிலிண்டர், 0-லருந்து 10016 வரைக்கும், அதுல 0 வால்யூம் லேபிளுக்கு, மினிடிஸ்க்க 1-லருந்து ஆரம்பிங்க.

புது டிஸ்க் குடுத்தும் லினக்ஸ்ல தெரியலன்னா மொதல்ல 'விஎம்சிபி கியூ வி டாஸ்ட்', சிபி பக்கம் இருக்கான்னு தெரிஞ்சுடும். அங்க இருக்கு, எல்எஸ்டாஸ்ட்ல இல்லன்னா சிஐஓ இக்னோர் லிஸ்ட்ல (லினக்ஸ் கண்டுக்காம விடற டிவைஸ் லிஸ்ட்) மாட்டியிருக்கலாம், அத விடுவிச்சுட்டு சிஎச்சிசிடபிள்யூடெவ் போட்டு ஆன்லைன் பண்ணுங்க. நெட்வொர்க் மட்டும் வரலன்னா 'கியூ விசுவிட்ச் டீடெயில்ஸ்' (விசுவிட்ச்னா கெஸ்ட்டுங்கள இணைக்கற விர்ச்சுவல் நெட்வொர்க் சுவிட்ச்), அந்த கெஸ்ட்டுக்கு கிராண்ட் குடுத்திருக்கா, விலான் சரியா, கன்ட்ரோலர் டிடிசிவிஎஸ்டபிள்யூ1 எழுந்திருக்கான்னு பாத்தா அநேகமா அங்கயே முடிஞ்சுடும்.

எல்லாம் பாத்தாச்சு, உண்மையிலயே எந்திரிக்கல, நிறுத்தித்தான் ஆகணும்னா வரிசை இருக்கு. மொதல்ல 'சிக்னல் ஷட்டவுன் லினக்ஸ்07 வித்தின் 300', லினக்ஸ் அதக் கேட்டுக்கிட்டா தானா அழகா எறங்கும். கேக்கலன்னா கொல்றதுக்கு முன்னாடி ஒரு டம்ப் எடுத்துடுங்க, 'விஎம்டம்ப்' போட்டா ஸ்பூலுக்குப் போகும், பெரிய மெமரின்னா நேரம் புடிக்கும் ஸ்பூல் எடமும் வேணும், அதனால 'கியூ அலாக் ஸ்பூல்' பாத்துட்டு எடுங்க. மேனேஜர் போன்ல இன்னும் ஏன் வரல இன்னும் ஏன் வரலன்னு கத்துவாரு, கத்தட்டும், டம்ப் இல்லாம ஃபோர்ஸ் பண்ணா அதே மேனேஜர் காலையில காரணம் என்னன்னு கேப்பாரு, கையில ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம்தான் ஃபோர்ஸ். கன்சோல்ல எச்சிபிஜிஐஆர்450டபிள்யூ, டிசேபிள்டு வெயிட்னு வந்திருந்தா லினக்ஸே பேனிக் ஆகியோ ஷட்டவுன் ஆகியோ நின்னிருக்கு, அதுக்கு மேல இருக்குற வரிகள காப்பி எடுத்து வச்சுட்டு தொடுங்க.

சிபியே ஐபிஎல் பண்ற அளவுக்குப் போச்சுன்னா ஸ்டார்ட் எப்படின்னு கேக்கும். வார்ம்தான் எப்பவும், அது முடியாதுன்னு சிபியே சொன்னா ஃபோர்ஸ் ஸ்டார்ட் (மேல சொன்ன ஃபோர்ஸ் கமாண்டு இல்ல), அதுலயும் ஸ்பூல் ஃபைல முடிஞ்ச வரைக்கும் மீட்டுத் தரும். கோல்டுன்னா ரீடர் பிரிண்டர் ஃபைலெல்லாம் போச்சு, கிளீன்னா சேவ்டு சிஸ்டம் உட்பட எல்லாமே போச்சு, இந்த ரெண்டையும் ராத்திரியில தனியா முடிவு பண்ணாதீங்க, சீனியர எழுப்புங்க, திட்டுனாலும் பரவால்ல. சிஸ்டம் ஸ்டார்ட் ஆனதும் மத்த மெஷினுங்கள எழுப்பற ஆட்டோலாக்1 ஏதோ ஒரு கெஸ்ட்ட எழுப்பி அதனால சிஸ்டமே திரும்ப விழுதுன்னா 'நோஆட்டோலாக்' சேத்து ஸ்டார்ட் பண்ணுங்க, ஒவ்வொண்ணா நீங்களே எழுப்பிக்கலாம். அதே மாதிரி மெயின்ட்டோட புரொஃபைல் எக்ஸெக் கெட்டுப்போய் லாகான் பண்ணதும் மாட்டிக்குதுன்னா, 'ஐபிஎல் சிஎம்எஸ்' முடிஞ்சதும் மொத வரியா 'ஏசிசி' போட்டு 'நோப்ராஃப்' ஆப்ஷன் குடுங்க, புரொஃபைல ஓட்டாம உள்ள விட்டுடும்.

இதெல்லாம் புரொடக்ஷன்ல பழக முடியாது. ஆஃபீஸ்ல எல்பார் (மெயின்ஃபிரேம்ல தனியா பிரிச்சுக் குடுத்த பகுதி) இருந்தா செகண்ட் லெவல் இசட்/விஎம் ஒண்ணு போட்டுக் கேளுங்க, ஒரு கெஸ்ட்டுக்குள்ளயே முழு இசட்/விஎம் ஓடும், அதுல பேஜ் டிஸ்க்க வேணும்னே சின்னதா வச்சு ரொப்பிப் பாருங்க, கோல்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அதுவும் குடுக்கலன்னா வீட்டு லேப்டாப்ல ஹெர்குலிஸ் எமுலேட்டர் போட்டு விஎம்/370 கம்யூனிட்டி எடிஷன ஏத்துங்க, ஐபிஎம் 1972ல அறிவிச்ச விஎம்/370 வழியில வந்ததுதான், காசு கிடையாது. இசட்/விஎம்ல இருக்குற பாதி கமாண்டு அதுல இருக்காது, ஆனா 'சிபி ரீட்'டும் 'ஹோல்டிங்'கும் '#சிபி'யும் ஸ்பூலும் ரீடரும் அப்படியே இருக்கும், ஒரு யூசர லாகான் பண்ணி வேணும்னே விண்டோவ மூடிட்டு வேற விண்டோவுல இருந்து 'கியூ நேம்ஸ்' போட்டுப் பாருங்க, பேருக்குப் பக்கத்துல டிஎஸ்சின்னு (டிஸ்கனெக்டட்) வந்து நிக்கும்.